எந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை நம்பி வாங்கலாம்? பழுதானால் கஸ்டமர் கேர் உதவுமா?

நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எட்டு மாதம் முன்பு வாங்கிய 2 டிபி டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை, கஸ்டமர் கேரில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா என்பது ஒன்று. அடுத்தது எந்தக் கம்பெனி டிஸ்க் வாங்குவது என்பது இன்னொன்று. முதலாவது அவசரம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது உங்களுக்கு வேண்டும் என்றால் ஃபார்மட் செய்யாதீர்கள். செருகிச் செருகிப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நான் மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம், வலங்கைமான், பட்டுக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்து போட்டோகிராபர்கள் எடுத்து வருவதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இரண்டு மூன்று கேமரா, பெண்ணழைப்பிலிருந்து மறுவீடு வரை என்றால் ஒரு கல்யாணத்துக்கே 300, 400 ஜிபி வந்துவிடும். பீரோவில் பட்டுப்புடவை இருக்கவேண்டிய தட்டில் இப்போது 23 ஹார்டு டிஸ்க் இருக்கிறது. வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு தனிக்கணக்கு. இதுவரை என் கையில் செத்தவை ஐந்து. செத்துவிட்டதாக நினைத்து, சாகாமல் இருந்தவை இரண்டு. அந்த இரண்டை முதலில் சொல்கிறேன், உங்களுடையதும் அந்த ரகமாக இருக்கலாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னையும் கரண்ட் கம்பமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. ஆவணிக் கல்யாணங்கள் இரண்டு டெலிவரி பாக்கி. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தேன். மூன்றாம் நாள், தனி அடாப்டரோடு வரும் பெரிய 3.5 இன்ச் டிஸ்க் மூச்சு விடவில்லை. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. டவர் கிடைத்த அன்று கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எதிர்க்கடை கேபிள் டிவி அண்ணன் வந்து அடாப்டரைத் திருப்பி அதிலுள்ள பொடி எழுத்தைப் படித்தார்.

"12 வோல்ட்டுதானே தம்பி. நம்ம செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் அதான். ஆம்பியரும் சரியா வருது. போட்டுப் பாப்போம்."

பின் சேர்கிறதா, பிளஸ் மைனஸ் சரியா என்று பார்த்துச் செருகினார். உய்ய்ங் என்று டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. ஜெனரேட்டர் கரண்ட் தின்றது அடாப்டரை மட்டும்தான். ஃபோனில் பேசியவர் அடாப்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டாவது, உங்களுடையதைப் போன்ற சின்ன 2.5 இன்ச். இதற்குத் தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி வழியாகவே கரண்ட் எடுக்கும். பழைய யூஎஸ்பி 2.0 வாய் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. உள்ளே டேட்டா எழுதும் வட்டத் தட்டு சுற்ற ஆரம்பிக்கும் அந்த ஒரு விநாடிக்கு அதைவிடக்கூட அதிகம் கேட்கும். சிபியூவின் முன்பக்க வாய், அதில் ஒரு நீளமான மலிவுக் கேபிள் என்று இருந்தால் கரண்ட் போதாமல் சுற்றத் தொடங்கி நின்று, மறுபடி தொடங்கி நிற்கும். அந்தச் சத்தமும் டக் டக்தான். அதனால் வேறு கேபிள், வேறு வாய், வேறு கம்ப்யூட்டர் என்று கஸ்டமர் கேரில் முதலில் சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள், அது நியாயமான யோசனை. சிபியூவின் பின்பக்க வாயில், நல்ல குட்டைக் கேபிளில் ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வந்தால் உடனே காப்பி எடுங்கள். அப்போதும் டக் டக் என்றால் பிடுங்கி வைத்துவிடுங்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, படிக்கும் ஹெட் அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த ஹெட் கெட்டுப்போய் தட்டில் உரசுகிறது என்றால், நீங்கள் செருகும் ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கும் பூச்சைச் சுரண்டுகிறது.

இனி நிஜமாகவே செத்தது. 2022 ஆவணி. நீடாமங்கலத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம், முகூர்த்தம் முடிந்து நான்காம் நாள். 4 டிபி டிஸ்க், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், ஏன் என்று கடைசியில் புரியும். போட்டோகிராபர் தம்பி அடுத்த கல்யாணத்துக்காக கேமரா மெமரி கார்டுகளை அழித்துவிட்டான். நான் இரண்டாவது காப்பியை ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். டிஸ்க் சனிக்கிழமை போனது.

கஸ்டமர் கேரில் தமிழுக்கு எண் அழுத்தும் வழி இல்லை. கிடைத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கேபிள் மாற்றச் சொன்னார், மாற்றினேன். விண்டோஸில் டிஸ்குகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கச் சொன்னார். இனிஷியலைஸ், அதாவது புது டிஸ்க்கைப்போல முதலிலிருந்து தயார் செய்யவா என்று ஒரு பெட்டி வந்தது. "ஓகே கொடுங்கள் சார், அப்புறம் ஃபார்மட் செய்தால் டிஸ்க் சரியாகிவிடும்" என்றார். மவுஸ் மேல் விரல் இருந்தது. கல்யாண வீடியோ என்னாகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "டேட்டா எங்கள் வாரண்டியில் வராது சார்" என்றார்.

அன்றைக்கு வயிறு எரிந்தது. இப்போது யோசித்தால் அவர் மேல் தப்பு சொல்லத் தோன்றவில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் சீரியல் எண் இருக்கிறது, வாங்கிய தேதி இருக்கிறது, வேலை செய்கிறதா இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. உள்ளே யாருக்குத் தாலி கட்டினார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. காலி டிஸ்க் ஓடினால் அவருக்கு வேலை முடிந்தது. எந்தக் கம்பெனி வாரண்டித் தாளையும் எடுத்துப் படியுங்கள், இதே சங்கதிதான் பொடி எழுத்தில் இருக்கும். டிஸ்க்கை அனுப்பினால் வேறு டிஸ்க் வரும், உங்கள் பழையது திரும்பி வராது. வருவதும் பெரும்பாலும் புதிதாக இருக்காது, பழுது பார்த்துச் சோதித்து மறுபடி முத்திரை குத்தியதாக இருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். உள்ளே இருப்பது வேண்டும் என்றால் முதலில் ரெகவரி, அதாவது உள்ளே இருப்பதை மீட்டெடுப்பது, பிறகுதான் வாரண்டி. ரெகவரிக்கு யாரிடம் கொடுத்தால் வாரண்டி போகாது என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடையில் ஸ்க்ரூடிரைவரால் திறந்துவிட்டால் வாரண்டியும் போகும், தட்டில் தூசி விழுந்து டேட்டாவும் போகும். "டப்பாவிலிருந்து கழற்றி வேறு டப்பாவில் போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பழைய மாடல்களில் நடக்கும். இப்போது வரும் சின்ன டிஸ்குகள் பலவற்றில் யூஎஸ்பி வாய் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, மாற்றி மாட்ட ஒன்றும் இருக்காது. ஃப்ரீசரில் வைத்து எடு என்ற வைத்தியமும் காதில் விழும். நம் ஊர் ஈரக்காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதுவும் இரண்டு நிமிடத்தில் வேர்த்து வழியும், தட்டும் அப்படித்தான்.

நான் சென்னையில் ஒரு ரெகவரி லேபுக்கு அனுப்பினேன். 28 ஆயிரம். கல்யாணத்துக்கு நான் வாங்கிய கூலியைவிட அதிகம். முக்கால்வாசி ஃபைல் வந்தது. மாலை மாற்றல் வந்தது, ஊஞ்சல் வந்தது. தாலி கட்டும் ஃபைல் திறக்கவில்லை.

பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். விவசாயம், கூடவே ரைஸ் மில்லில் கணக்கும் பார்ப்பவர். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பந்தி இருக்கா?" என்றார்.

பந்தி முழுதாக இருந்தது. முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை, யார் யார் பாயசம் இரண்டாம் தடவை வாங்கினார்கள் என்பது உட்பட.

"சரி. எங்க அக்கா அதுல இருக்கும். தாலி கட்டுறத ஊரே செல்போன்ல எடுத்திருக்கு, கேட்டு வாங்குங்க."

கேட்டு வாங்கினேன். பதினொரு பேர் அனுப்பினார்கள், வாட்ஸ்அப்பில் சுருங்கி மங்கிப்போன பதினொரு துண்டு, அதில் ஆறில் யாரோ ஒருவருடைய பின்னந்தலை. அவற்றை வைத்து ஒப்பேற்றினேன். அந்த ஒன்றரை நிமிடம் மட்டும் படம் மங்கலாக, மேளச் சத்தம் மட்டும் தெளிவாக இருக்கும்.

வாரண்டிக்கு டிஸ்க்கைத் திருச்சியில் இருக்கும் அவர்களின் சென்டருக்கு நானே எடுத்துப்போனேன். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், அங்கிருந்து இன்னொரு பஸ். இது வெளிநாட்டு இறக்குமதிச் சரக்கு, இந்திய வாரண்டி இல்லை என்றார்கள். ஜிஎஸ்டி பில் என்னிடம் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். மூன்று வாரத்தில் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டு மாற்று டிஸ்க் அனுப்பினார்கள். அதற்கும் மேலே போகவேண்டி வந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில்லும், பேசியதெல்லாம் மெயிலாகவும் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பில்லை மொபைலில் படமெடுத்து வையுங்கள். அதையும் அந்த டிஸ்க்கிலேயே வைத்துவிடாதீர்கள், நான் ஒரு தடவை வைத்தேன்.

சரி, எந்தக் கம்பெனி? உலகத்தில் இன்று ஹார்டு டிஸ்க் செய்வது மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு பெயரில் வாங்கினாலும் டப்பாவுக்குள் சுற்றுவது இவர்களில் ஒருவருடையதுதான். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் தன் டேட்டா சென்டரில் ஓடும் டிஸ்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2023ல் பழுதானவை 1.40 சதவீதம். அவை குளிரூட்டிய அறையில் ஆடாமல் அசையாமல் ஓடும் பெரிய டிஸ்குகள். நம்முடையது பைக் டேங்க் கவரில் குலுங்கிப் போவது, அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரே கம்பெனியின் ஒரு மாடல் நன்றாகவும் இன்னொரு மாடல் மோசமாகவும் இருக்கும், அதைக் கவனியுங்கள். என் ஐந்து சாவில் மூன்று கம்பெனியும் இருக்கின்றன. எனக்குப் பிடித்த கம்பெனி என்று எதுவும் இல்லை. சீகேட்டின் சில மாடல்களில் ரெகவரி சேவையையும் சேர்த்துத் தருகிறார்கள், பெட்டியில் போட்டிருக்கும். ஒரே விலை என்றால் அதற்காக அதை எடுப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் ஆன்லைனில் 16 டிபி, 2 ஆயிரம் ரூபாய் என்று பளபளப்பாக வரும் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்) இருக்கிறதே, அதன் பக்கமே போகாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, 16 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். காப்பி ஆவதுபோல் ஆகும், திறந்தால் ஒன்றும் இருக்காது. மறுபுறம், பழுதே இல்லாததற்குப் புகார் எழுதுகிறவர்களும் உண்டு. 1 டிபி வாங்கினால் 931 ஜிபி காட்டுவது ஏமாற்று அல்ல. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. பெரிய ஃபைல் போடும்போது பாதியில் வேகம் படுத்துக்கொள்வதும் இந்தச் சின்ன டிஸ்குகள் பலவற்றின் சுபாவம். ஓடு வேய்வதுபோல ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி எழுதும் முறை அது, நிறைய எழுதினால் மூச்சு வாங்கும்.

என் பழக்கம் இப்போது இது. கார்டு கைக்கு வந்த அன்றே இரண்டு டிஸ்க்கில் போடுவேன், இரண்டும் வேறு கம்பெனி அல்லது வேறு மாதம் வாங்கியது. ஒன்று பீரோவில், ஒன்று மாமனார் வீட்டில். டெலிவரி முடியும்வரை கார்டை அழிக்கக்கூடாது என்று போட்டோகிராபர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அதனாலேயே வேறு ஆளிடம் போனார்கள், போகட்டும். மாதம் ஒரு தடவை டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பேன். நீலம் மஞ்சளானால், ரீஅலோகேட்டட், பெண்டிங் என்று கெட்ட இடங்களை எண்ணும் வரிகளில் எண் ஏறினால், அன்றே அதிலிருந்து குடி பெயர்த்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் உண்டு.

போன வைகாசியில் அதே நீடாமங்கலம் வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். என்னைத்தான் கூப்பிட்டார்கள், எனக்கே ஆச்சரியம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகிற வழியில் பெண்ணின் அப்பா வேட்டி மடிப்பிலிருந்து சீல் பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

"தஞ்சாவூர்ல வாங்குனேன் தம்பி. சாப்டுட்டு இதுலயும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க."

பிரித்துப் பார்த்தேன். 2022ல் போன அதே கம்பெனி, அதே மாடல். ஒன்றும் சொல்லாமல் காப்பி போட்டுக் கொடுத்தேன்.