சோம்பேறிக்கு யார் சோறு போடுவது?

கேள்வி: என் மகன் வீட்டில் ஓயாமல் 'அரசின்மைக் கம்யூனிசம்' என்று பேசுகிறான். அரசாங்கமும் வேண்டாமாம், சம்பளமும் வேண்டாமாம். பொலிஸ் இல்லாவிட்டால் அடிதடி, சம்பளம் இல்லாவிட்டால் ஊரெல்லாம் சோம்பேறிகள். இதைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், உப்புவெளி

பதில்: மகனை ஒருதரம் முழுதாகப் பேச விட்டிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

அவன் சொல்வதன் சாரம் இதுதான்: நிலம், ஆலை, துறைமுகம், வலை, வள்ளம் எல்லாம் ஊருக்குப் பொது. உழைத்து வருவதை அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்வது. உங்கள் சைக்கிளையும் சாரத்தையும் யாரும் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். இதுவரைக்கும் மற்றக் கம்யூனிஸ்டுகளும் தலையாட்டுவார்கள். சண்டை வருவது வழியில். முதலில் அரசைக் கைப்பற்றுவோம், பிறகு அது தானாக உதிர்ந்துவிடும் என்பது மார்க்ஸ் வழி வந்தவர்களின் கணக்கு. கதிரையில் ஏறியவன் தானாக இறங்கியதை எங்கே கண்டீர்கள் என்பது அரசின்மைக் கம்யூனிஸ்டுகளின் கேள்வி. 1872இல் முதலாம் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கம் தன் ஹேக் மாநாட்டில் அரசின்மைவாதி பக்கூனினை வெளியே போட்டதற்குப் பின்னாலும் இந்தத் தகராறு இருந்தது. 1920இல் அரசின்மைக் கம்யூனிசத்தின் பெரிய எழுத்தாளரான ரஷ்யர் குரோப்போட்கின் லெனினுக்கே கடிதம் எழுதி, ஆட்சி நடத்துவது சோவியத்துகள் என்ற தொழிலாளர் அவைகள் அல்ல, கட்சிக் குழுக்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

சரி, அடிதடிக்கு வருவோம். நிலாவெளிப் பக்கம் விடியப்புறம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றிலும் ஆட்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் நழுவும். அதனால் ஆளுக்கு ஆள் குரல் கொடுத்து, அம்பா பாடி, ஒரே சீராக இழுக்கிறார்கள். பக்கத்தில் பொலிஸ்காரர் நிற்பதில்லை. மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறிய பிறகுதான் வில்லங்கம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் பெரிய பங்கு, உள்ளங்கை தோலுரிந்தவர்களுக்கு மிச்சத்தில் பிரிப்பு. சம்மாட்டி அன்றைக்குக் கடற்கரைப் பக்கமே வராவிட்டாலும் அவர் பங்கு வீடு தேடிப் போகும். சோம்பேறிக்கு யார் சோறு போடுவது என்ற உங்கள் கேள்வியை உங்கள் மகன் இந்த இடத்தில் நின்று திருப்பிக் கேட்பான். என்ன சொல்வீர்கள்?

நிஜமாகவே வேலைக்குக் கள்ளம் அடிக்கிறவனைப் பற்றி குரோப்போட்கின் 1892இல் வந்த நூலிலேயே எழுதிவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அவனிடம், "தம்பி, நீ எங்களோடு சரிவரமாட்டாய், வேறு இடம் பார்" என்று சொல்லிவிடலாம். அதற்கு நீதவான் தேவையில்லை. சோம்பேறி என்று பெயர் எடுத்தவர்களில் பலர் பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் என்பதும் அவர் கருத்து. அதே நூலில் அவர் காட்டும் உதாரணம் ஒன்று துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு உடனே விளங்கும்: 1824இல் தொடங்கிய ஆங்கிலேய உயிர்காப்புப் படகுச் சங்கம். புயலில் கப்பல் உடைந்தால் படகு இறக்குகிறவர்கள் கரையோரத் தொண்டர்கள். செலவுக்குச் சனங்கள் கொடுக்கிற காசு. அந்தச் சங்கம் இன்றைக்கும் ஓடுகிறது.

எனக்குள்ள சந்தேகம் வேறு. 1936இல் ஸ்பெயினின் அரகோன் கிராமங்கள் சிலவற்றில் காசையே நிறுத்திவிட்டுக் கூட்டாக விதைத்து அறுத்தார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் லிஸ்டரின் படை வந்து அவற்றைக் கலைத்தது. அவர், குடியரசுக்கு எதிராகக் கிளம்பிய இராணுவத் தளபதி பிராங்கோவின் ஆள் என்று நினைக்காதீர்கள். பிராங்கோவை எதிர்த்த குடியரசின் கம்யூனிஸ்ட் தளபதி. உக்ரைனில் அரசின்மைவாதி மக்னோவின் விவசாயப் படையும், ரஷ்யப் புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படைகளுக்கு எதிராக லெனின் அரசின் செம்படையோடு சேர்ந்து நின்றது. பிறகு அந்தச் செம்படையாலேயே 1921இல் ஒழிக்கப்பட்டது. பகிர்ந்து உண்ண மனிதர்களுக்குத் தெரியும் என்பதை நான் நம்புகிறேன். பக்கத்தில் ஒரு பட்டாளம் துவக்கோடு நிற்கும்போது, தாங்களும் ஒரு பட்டாளமாகிவிடாமல் அவர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள்? திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவனிடம் இதைக் கேளுங்கள். நல்ல பதில் வைத்திருந்தால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

– ஆசிரியர்