முதல் பிஸ்டல வித்துடவா அக்கா?

கேள்வி: அக்கா, நான் காசிமேட்டுல இருந்து எழுதுறேன், வயசு 20. ரெண்டு வருஷமா 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறேன். என்கிட்ட இருக்கறது ரஷ்யன் பைக்கால் 46எம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் லிவர இழுத்து பம்ப் பண்ற டைப்பு. கிளப் சீனியர் ஒருத்தர்கிட்ட செகண்ட்ஸ்ல வாங்கினது. எங்கப்பா போட் தச்சு வேலை பாக்குறாரு, என் கைக்கு ஏத்த மாதிரி அவரே கட்டையில புடி செதுக்கிக் கொடுத்தாரு. இப்ப ஒருத்தர் பழைய மொரினி பிஸ்டல் ஒண்ணு விக்கிறாரு, பம்ப் பண்ண வேணாம், சிலிண்டர்ல காத்து அடைச்சு வச்ச டைப்பு, 1,20,000 சொல்றாரு. என் பைக்கால 35,000க்கு கேக்குறாங்க. மீதிக்கு தண்டல் வாங்கலாமான்னு யோசிக்கிறேன். ஸ்கோர் 600க்கு 540ஐ தாண்டவே மாட்டேங்குது, போன மேட்ச்ல பத்துப் பத்து ஷாட்டா ஆறு சீரிஸ்ல 92, 91, 92, 90, 87, 86. ஆனா விக்கணும்னு நெனச்சாலே மனசு கேக்கல. அப்பா வேற இத வித்தா போலீஸ்ல சொல்லணுமான்னு பயப்படுறாரு. என்ன பண்ணட்டும்?
வாசகி, காசிமேடு

பதில்: நீ ஆறு சீரிஸையும் தனித்தனியா எழுதி அனுப்பினது ரொம்ப நல்லதா போச்சும்மா, வெறும் 538னு எழுதியிருந்தா நானும் ஏதோ பொதுவா சொல்லிட்டு போயிருப்பேன். அந்த நம்பர நீயே இன்னொரு தடவ பாரு. முதல் நாலு சீரிஸ்ல 365, அதாவது சராசரி 91க்கு மேல. கடைசி ரெண்டுல 87, 86. கடைசி வரைக்கும் முதல்ல சுட்ட மாதிரியே சுட்டிருந்தா 547 வந்திருக்கும். அப்போ உனக்கு சுடத் தெரியுது, துப்பாக்கியும் நேராதான் போகுது, 40 ஷாட்டுக்கு அப்புறம்தான் ஏதோ நடக்குது. அது என்னன்னு கண்டுபிடிக்காம விக்கவும் வேணாம் வாங்கவும் வேணாம்.

முன்னாடியெல்லாம் பொண்ணுங்களுக்கு 40 ஷாட்தான், 2018ல இருந்துதான் ஆம்பளைங்களுக்கு இருக்கற மாதிரி 60 ஆச்சு. பைக்கால் கிட்டத்தட்ட 1.3 கிலோ, அத ஒரு கையில புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால லிவர முழுசா திறந்து மூடணும், மேட்சுக்கு மட்டும் 60 தடவ, அதுக்கு முன்னாடி குறி சரி பாக்க சுடற சைட்டிங் ஷாட் வேற. லிவர மூடும்போது கடைசியில வர்ற அந்த இறுக்கம் இருக்கே, அது சுடுற கையோட மணிக்கட்டுலதான் போய் இறங்கும், 45வது ஷாட்டுக்கு கைய தூக்கினா முன்சைட் லேசா நடுங்கறது உனக்கே தெரிஞ்சிருக்கும். மொரினியில காத்து சிலிண்டர்ல இருக்கு, எடையும் ஒரு கிலோ சுமார்தான், பெல்லட் போட்டு மூடினா வேலை முடிஞ்சுது.

அதனால ஒரு டெஸ்ட் சொல்றேன், காசு செலவே இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை கிளப்ல உன் ஃப்ரெண்டு ஒருத்திய பக்கத்துல நிக்க வை. ஒவ்வொரு ஷாட்டும் முடிஞ்சதும் பிஸ்டல மேஜையில வச்சுடு, குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், அவ பம்ப் பண்ணி வைக்கட்டும், நீ பெல்லட் போட்டு சுடு. 60 ஷாட், 75 நிமிஷம், மேட்ச் மாதிரியே. அடுத்த வாரமும் அதே மாதிரி ஒரு தடவ. கடைசி ரெண்டு சீரிஸ் 90, 91னு நின்னுச்சுன்னா உன்னைத் தடுக்கறது பம்ப்தான், விக்கறதுக்கு நியாயமான காரணம் கெடச்சாச்சு. அப்பவும் 87, 86னு விழுந்துச்சுன்னா அது உன் தோளும் மூச்சும், அத மொரினி சரி பண்ணாது. அப்படி இருந்தா வீட்டுல வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி நின்னு தினமும் அரை மணி நேரம் ட்ரை ஃபயர் பண்ணு, அதாவது பெல்லட் போடாம ட்ரிக்கர மட்டும் இழுத்துப் பழகு, பைக்கால்ல மேல் மூடிய திறந்து மூடினாலே ட்ரிக்கர் செட் ஆயிடும், பம்ப் பண்ணவே வேணாம். உள்ள பெல்லட் இல்லைன்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கோ. மொட்ட மாடியில பெல்லட் போட்டு சுடற வேலையெல்லாம் வேணவே வேணாம், நம்ம ஏரியால வீடு வீடா ஒட்டியிருக்கு, பக்கத்து மாடியில யார் துணி காயப்போட வருவாங்கன்னு தெரியாது.

இன்னொண்ணு, பிஸ்டல ஒரு ஸ்டாண்டுல அசையாம வச்சு அஞ்சு பெல்லட் சுட்டுப் பாரு. டார்கெட்டுல 10 பாயின்ட் வளையம் 11.5 மில்லிமீட்டர் அகலம், அஞ்சும் அதுக்குள்ளயே விழுந்தா துப்பாக்கி மேல குத்தம் சொல்ல வழியே இல்ல. அந்த அட்டைய தூக்கிப் போட்டுடாத, விக்கும்போது வாங்கறவங்களுக்குக் காட்டினா விலை பேசறது சுலபம்.

இப்ப அந்த மொரினி. நான் ஒரு தடவ ஏமாந்திருக்கேன்மா. செகண்ட்ஸ்ல ஒரு பிஸ்டல், பளபளன்னு இருந்துச்சு, குழலப் பாத்தேன், ட்ரிக்கரப் பாத்தேன், சிலிண்டர்ல அடிச்சிருந்த தேதிய மட்டும் பாக்கல. மேட்சுக்குப் போனா, துப்பாக்கிய செக் பண்ற எக்யுப்மென்ட் கன்ட்ரோல்ல திருப்பி நீட்டிட்டாங்க, பத்து வருஷம் தாண்டின சிலிண்டர். அன்னிக்கு இன்னொருத்தர்கிட்ட இரவல் வாங்கி சுட்டேன், கையே பழகல, அழுகையா வந்துச்சு. அதனால நீ போன உடனே சிலிண்டரக் கழட்டி தேதியப் படி. ரெண்டு சிலிண்டர் இருக்கான்னு கேளு. தேதி முடியப் போகுதுன்னா புது சிலிண்டர் விலைய அந்த 1,20,000ல கழிச்சுக் கேளு. காத்து நிரப்ப 200 பார் அழுத்தம் வேணும், உங்க கிளப்ல டேங்க் இருக்கா இல்ல கைப்பம்பு தனியா வாங்கணுமான்னும் பாத்துக்கோ. ட்ரிக்கர் 500 கிராம் எடைய தூக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே தொங்கவிட்டுப் பாரு. விக்கிறவர்கிட்ட ஒரு நாள் கடன் கேட்டு 60 ஷாட் சுட்டுப் பாரு, அதுக்கு ஒத்துக்காதவர்கிட்ட வாங்காத. காஸ்ட்லி பிஸ்டலும் உடையும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாக்கரோட மொரினியில லிவர் மேட்ச் நடுவுலயே உடைஞ்சு, நேரம் போய், 575 அடிச்சும் 12வது இடத்துல நின்னுட்டாங்க. அவங்கதான் 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் எடுத்தாங்க.

தண்டல் வேணாம். கையில குறைச்சுக் கொடுத்துட்டு முழுசுக்கும் தினம் வாசல்ல வந்து நிப்பாங்க, அந்த டென்ஷன்ல நீ எப்படி மூச்ச அடக்கி நிப்ப? அப்பா போட் வேலைன்னு சொல்ற, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில ஏத்தி ரிப்பேர் பாக்கற நேரம், அவருக்கு நல்லா வேலை இருக்கறதும் அப்பதான். அதுவரைக்கும் பொறு. அம்மா ஏதாவது சீட்டு கட்டுறாங்கன்னா அதையும் கேட்டுப் பாரு. இந்த மொரினி போனா இன்னொண்ணு வரும், ஸ்டெயர், பர்தினின்னு வேற கம்பெனி பிஸ்டலும் பழசு கிளப்புக்குள்ள சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

அப்பாகிட்ட பயப்பட வேணாம்னு சொல்லு. அவர் நெனைக்கிறது .32 ரிவால்வர் மாதிரி தோட்டா போடுற துப்பாக்கி. அதுக்கு லைசென்ஸ் வேணும், சென்னையில கமிஷனர் ஆபீஸ்ல வாங்கணும், விக்கணும்னா வாங்கறவர் பேரு அட்ரஸோட எழுத்துல தெரிவிச்சு 45 நாள் காத்திருக்கணும், வாங்கறவரும் லைசென்ஸ் உள்ளவரா இருக்கணும். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் சாதாரணமா ஒருத்தர் ரெண்டுக்கு மேல வச்சுக்கவும் முடியாது. உன்னோடது .177 இன்ச் குழல், வேகமும் கம்மி, சட்டம் சொல்ற 20 ஜூல் சக்திகிட்டயே வராது, அதுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு வித்துடாத. கிளப்ல புதுசா சேந்த பொண்ணு யாராவது இருந்தா அவளுக்குக் கொடு, 35க்கு பதிலா 30 வந்தாலும் பரவாயில்ல, மூணு தவணையா கூட வாங்கிக்கோ. சீரியல் நம்பர், தேதி, ரெண்டு பேர் கையெழுத்து, ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் ஒரு பேப்பர்ல இருக்கட்டும், கோச்சும் சாட்சிக் கையெழுத்து போடட்டும்.

கொடுக்கற நாள் வரைக்கும் நல்லா பாத்துக்கோ. காசிமேட்டு உப்புக் காத்துக்கு இரும்பு தாங்காது, ஒரு வாரம் தொடாம விட்டா லிவர் மூட்டுல காவி நெறத்துல துரு பூக்கும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில விட்டு வெளிப்பக்கம் மட்டும் தொடை, காத்து அடைக்கிற சீல்கிட்ட அந்த எண்ணெய் போகக் கூடாது, அங்க சிலிக்கான் எண்ணெய்தான்.

மனசு கேக்கலன்னு எழுதியிருக்கல்ல, அது துப்பாக்கிக்காக இல்லன்னு எனக்குத் தோணுது. பைக்காலோட வந்த கம்பெனி புடி வீட்டுல எங்கயாவது கெடக்கும், தேடி எடு. ரெண்டு ஸ்க்ரூவக் கழட்டி அப்பா செஞ்ச புடிய நீ வச்சுக்கோ, கம்பெனி புடிய மாட்டி வித்துடு. மொரினி எப்ப வந்தாலும் அதோட புடி உன் கைக்கு அப்படியே ஒக்காராது, எல்லாரும் எம்சீல் அப்பி அரத்துல ராவிதான் சரி பண்ணிக்கறோம். பழைய புடியையும் புதுசையும் அப்பா முன்னாடி வச்சுட்டு, உன் கையையும் நீட்டு. எங்க அப்பணும் எங்க செதுக்கணும்னு அவர் பாத்துப்பாரு.