பொருத்தனை செய்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: மகனுக்கு வேலை கிடைத்தால் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகவும், அவனுடைய முதல் மாதச் சம்பளத்தை அப்படியே காணிக்கையாகப் போடுவதாகவும் ஒரு தாய் நேர்ந்துகொண்டார். வேலை கிடைத்துவிட்டது. முழங்கால் தேய்மானம், நீண்ட தூரம் நடக்கவே கூடாது என்கிறார் மருத்துவர். மகனோ முதல் சம்பளத்தைப் படிப்புக் கடனுக்குக் கட்டிவிட்டான். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "பொருத்தனைக் குற்றமோ" என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

பதில்:

அம்மா, நீங்கள் நேர்ந்துகொண்டதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. நடந்து வருவது நீங்களே உங்கள் உடம்பால் செய்ய வேண்டியது. சம்பளம் ஒரு பொருள், அதுவும் உங்களுடையது அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் இத்தனை பெரிதாகத் தெரிகிறது.

சம்பளத்தை முதலில் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நேர்ச்சைகளை, அதாவது பொருத்தனைகளைப் பற்றி 1191 முதல் 1198 வரையுள்ள எண்கள் பேசுகின்றன. நேர்ச்சை செய்தவரை மட்டுமே அது கட்டும் என்று 1193 தெளிவாகச் சொல்கிறது. உங்கள் மகன் வாய் திறந்து எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆகவே அவன்மேல் கடனும் இல்லை, குற்றமும் இல்லை. கடனைக் கட்டியது அவன் செய்ய வேண்டிய கடமைதான். அவனிடம் நடந்ததைச் சொல்லி, விருப்பம் இருந்தால் நன்றியாக ஏதாவது கொடு என்று கேட்கலாம். கொடுக்காவிட்டால் ஆண்டவர் உன்னைக் கேட்பார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பதிலிருந்து ஒரு தொகையைக் கொடுக்க விரும்பினால், எவ்வளவு என்பதைப் பங்குத்தந்தையிடம் பேசும்போது முடிவு செய்துகொள்ளலாம்.

நடைப்பயணத்துக்கு வருவோம். வாக்களித்த காரியம் கணிசமாக மாறிவிட்டால் நேர்ச்சை முடிவுக்கு வருகிறது என்கிறது 1194. அவ்வாறே குறித்த காலம் கடந்தாலும், எந்த நிபந்தனையின்மேல் நேர்ந்தோமோ அது நடக்காமல் போனாலும், அதன் நோக்கமே இல்லாமல் போனாலும், விலக்கு கிடைத்தாலும், வேறொன்றாக மாற்றப்பட்டாலும் அது முடிவுக்கு வரும். நேர்ந்தபோது உங்களால் நடக்க முடிந்தது, இப்போது நடந்தால் மூட்டு இன்னும் கெடும் என்றால் இது விளையாட்டான சாக்கு அல்ல. ஆனாலும் "எனக்கு நானே தள்ளுபடி செய்துகொண்டேன்" என்று விட்டுவிட்டால் மனம் ஆறாது. அந்த நிம்மதிக்காகவே திருச்சபை ஒரு வழி வைத்திருக்கிறது.

நேர்ச்சையிலிருந்து விலக்கு அளிக்கவோ, அதை எளிதான வேறொன்றாக மாற்றித் தரவோ உங்கள் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. தன் பங்கு மக்களுக்கு மட்டுமல்ல, வழிப்பயணமாக வந்தவர்களுக்கும் அவர் அதைச் செய்யலாம் (1196). நியாயமான காரணம் வேண்டும், பிறருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட உரிமை அதனால் கெடக் கூடாது. அவ்வளவுதான் விதி. அதே அளவோ அதைவிட மேலானதோ ஆன ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்வதென்றால் யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே மாற்றிக்கொள்ளலாம் (1197). குறைவானதாக மாற்றுவதற்குத்தான் குருவானவர் தேவை. சென்னையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். அதற்குப் பதிலாகப் பேருந்தில் போய்ச் செபமாலை சொல்லி வருகிறேன் என்பது குறைவானது, ஆகவே கேட்டுச் செய்யுங்கள்.

ஞாயிறு திருப்பலி முடிந்து கூட்டம் சூழ நிற்கும் நேரத்தில் வேண்டாம். வாரநாளில் பங்கு இல்லத்துக்குப் போங்கள். என்ன வார்த்தைகளில் நேர்ந்தீர்கள், எப்போது, கேட்டது கிடைத்ததா, இப்போது எது தடுக்கிறது, உங்களால் எது முடியும் என்று இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். மருத்துவர் சீட்டெல்லாம் தேவையில்லை. விலக்குக்குக் கட்டணமும் கிடையாது. விலக்குக்காகவே இவ்வளவு கொடு என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நேர்ச்சை என்பது கடவுளுக்கே செய்யப்படும் வாக்கு என்றுதான் 1191 வரையறுக்கிறது. யோசித்து, சுதந்திரமாக, நம்மால் முடிகிற ஒரு மேலான நன்மையைக் குறித்துச் செய்ய வேண்டும். கடுமையான, அநியாயமான அச்சத்தால் செய்தது செல்லாது. "மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்" என்று நாம் பேச்சில் சொல்வதை, மாதாவின் பரிந்துரையோடு கடவுளுக்குத் தந்த வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். "இதைச் செய்தால் நன்றாயிருக்குமே" என்று மனதில் ஓடிய எண்ணம், வீட்டுப் பேச்சில் வந்த ஆசை, புத்தாண்டுத் தீர்மானம் ஆகியவை நேர்ச்சை ஆகாது. கடவுளுக்குக் கட்டுப்படுகிறேன் என்ற நோக்கம் இருந்தால்தான் அது நேர்ச்சை. அதை மறந்துவிட்டு மனதில் ஓடிய ஒவ்வொன்றையும் கணக்கில் வைத்து நடுங்குகிறவர்கள் நிறையப் பேர்.

சி.எஸ்.ஐ., லூத்தரன், பெந்தெகொஸ்தே சபையினருக்கு இப்படி விலக்கு அளிக்கும் சட்ட ஏற்பாடு இல்லை. அங்கே வேதாகமமே வழிகாட்டி, ஆயரோடோ போதகரோடோ உட்கார்ந்து பேசி ஜெபிப்பதே நடைமுறை. வேதாகமம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிட மிகவும் நுணுக்கமானது. பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதிக்காதே, பண்ணாதிருந்தால் உன்மேல் பாவம் இல்லை என்கிறது உபாகமம் 23. நேர்ந்துவிட்டுச் செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5. பிரசங்கங்களில் இந்த இரண்டு இடங்களையும் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். லேவியராகமம் 5-ஐயும் 27-ஐயும் அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல் இருப்பதே அங்கேதான்.

27-ஆம் அதிகாரத்தில் ஓர் ஆளைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணினால் அதற்கு ஈடாக எவ்வளவு என்ற பட்டியலே இருக்கிறது. 20 வயது முதல் 60 வயது வரை ஆணுக்கு 50 சேக்கல் (அக்கால வெள்ளி எடை), பெண்ணுக்கு 30. ஐந்து வயது முதல் இருபது வரை 20, 10. அறுபதுக்கு மேல் 15, 10. அதோடு நிற்காமல், அவ்வளவு கொடுக்க முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் அவன் தகுதிக்குத் தக்கபடி மதிப்பிட வேண்டும் என்று எட்டாம் வசனம் சொல்கிறது. நேர்ந்த வீட்டை மீட்க விரும்பினால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து மீட்கலாம். 5-ஆம் அதிகாரத்தில், யோசிக்காமல் ஆணையிட்டு, பிறகு குற்றத்தை உணர்ந்தவன் அதை அறிக்கையிட்டுப் பலி கொண்டுவர வேண்டும். பெண்ணாட்டுக்குட்டியோ வெள்ளாடோ முடியாவிட்டால் இரண்டு புறாக்கள், அதுவும் முடியாவிட்டால் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு. ஏழைக்கும் எட்டுகிற மன்னிப்பு அப்போதே இருந்தது. நேர்ந்ததை முடிக்காதவன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கிறிஸ்துவின் பலிக்குப் பிறகு ஆடு புறா தேவையில்லை, அறிக்கையிடுதல் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதே 27-ஆம் அதிகாரத்தின் 26-ஆம் வசனத்தைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். மிருகங்களின் தலையீற்றை ஒருவரும் நேர்ந்துகொள்ளக் கூடாது, ஏனென்றால் அது ஏற்கெனவே கர்த்தருடையது. பொருத்தனைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். "இந்த வழக்கு ஜெயித்தால் லஞ்சம் வாங்குவதை விட்டுவிடுகிறேன்", "குழந்தை பிறந்தால் மனைவியை அடிக்க மாட்டேன்", "கடை நன்றாக ஓடினால் வேலைக்காரர் கூலியை ஒழுங்காகக் கொடுக்கிறேன்" என்றெல்லாம் நேர்ந்துகொள்கிறோம். இவை இன்றே செய்ய வேண்டிய கீழ்ப்படிதல். கேட்டது கிடைத்தால்தான் செய்வேன் என்பது கடவுளுக்குச் சேர வேண்டியதை வைத்தே அவரோடு பேரம் பேசுவது. எல்லாவற்றையும் அழிக்கும்படி கடவுள் சொல்லியிருந்தும், அமலேக்கியரிடம் பிடித்த நல்ல ஆடுமாடுகளைப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று சவுல் ராஜா சொன்னபோது, பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் கண்டித்ததும் இதைத்தான் (1 சாமுவேல் 15).

இன்னொரு பக்கமும் உண்டு. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டிய உதவியை "கொர்பான், காணிக்கை" என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கடிந்துகொண்டார் (மாற்கு 7). மருந்துக்கும் வட்டிக்கும் வாடகைக்கும் போக வேண்டிய பணத்தில் பொருத்தனைக் காணிக்கை செலுத்தாதீர்கள். முதலில் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், மீதியில் செலுத்துங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பிரித்துச் செலுத்தலாம்.

கெட்ட பொருத்தனை என்றால் நிறைவேற்றவே கூடாது. போரில் ஜெயித்தால் "என் வீட்டு வாசற்படியிலிருந்து எதிரே வருவது எதுவோ" அதைப் பலியிடுவேன் என்று நியாயாதிபதி யெப்தா வரம்பில்லாமல் நேர்ந்ததால் எதிரே வந்தவள் அவன் ஒரே மகள். பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சபதம் செய்தார்கள் (அப்போஸ்தலர் 23). இதைப் போய் வாக்குத் தவறாமை என்று யாரும் புகழ மாட்டார்கள்.

பிள்ளையை ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லும் பெற்றோருக்கும் இங்கே ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பதாக நேர்ந்து சாமுவேலைப் பெற்ற அன்னாளை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் உங்கள் நேர்ச்சை பிள்ளையைக் கட்டாது. துறவு வாழ்வின் தொடக்கப் பயிற்சிக் காலமான நவசந்நியாசத்தில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும். வற்புறுத்தலாலோ கடுமையான அச்சத்தாலோ ஏமாற்றாலோ சேர்ந்தால் அது செல்லாது என்று திருச்சபைச் சட்டம் 643 சொல்கிறது. குருப்பட்டத்துக்கும் முழுச் சுதந்திரம் வேண்டும். உங்களால் நேர முடிவது ஜெபமும், படிப்புச் செலவும், அவன் வேறு வழி தேர்ந்தால் அதை ஏற்கும் மனமும்தான்.

இனி எதையாவது நேர்ந்துகொள்வதாக இருந்தால் உணர்ச்சி மேலிட்ட இரவில் வேண்டாம். கன்வென்ஷன் கூட்டத்தில் கை உயர்த்திய வேகத்தில் முடிவெடுக்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் மனம் அதிலேயே நின்றால், உங்கள் உடம்பு, உங்கள் பணம், உங்கள் நேரம் இவற்றிலிருந்து மட்டும் நேர்ந்துகொள்ளுங்கள். "வாழ்நாள் முழுதும் எல்லா வெள்ளியும் உபவாசம்" என்பதற்குப் பதில் "இந்தத் தவக்காலத்து வெள்ளிகள், உடல்நலம் கெட்டால் அன்றைக்கு ஒரு மணி நேர ஜெபம்" என்று அளவும் முடிவுத் தேதியும் மாற்று ஏற்பாடும் சேர்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் நேரவே கூடாது. இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்து மயங்கி விழும் ஆபத்து நிஜமானது. நேர்ந்ததை வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து "நூறு தேங்காய் சொன்னேனா, ஐம்பதா" என்று குழம்ப வேண்டியிருக்காது. கணவனுக்கோ மனைவிக்கோ தெரியாமல் பெருந்தொகை நேராதீர்கள். காணிக்கையைத் தனி ஆள் கையில் கொடுக்காமல் ஆலய அலுவலகத்தில் ரசீது வாங்கிச் செலுத்துங்கள். பொருளாக நேர்ந்ததை வேறொருவர் மூலம் அனுப்பலாம். உங்கள் செயலாக நேர்ந்ததை இன்னொருவரை வைத்துச் செய்விக்க முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், பங்குத்தந்தையைப் பார்க்க இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பேருந்திலோ ரயிலிலோ போய்வரும் திருயாத்திரையாக, செபமாலையோடோ ஒரு தர்மத்தோடோ மாற்றித் தருவார். அப்படி மாற்றித் தந்தால் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழா நாள்களில் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்க உங்கள் முழங்கால் தாங்காது. திருவிழா நாளில் வருகிறேன் என்று நீங்கள் நேர்ந்துகொண்டதாகக் கேள்வியில் இல்லை, ஆகவே எந்த வாரநாளும் சரிதான். பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணற்பாதையில் பலர் முழங்காலிட்டுப் போவதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். குருவானவர் மாற்றிச் சொன்னதை மட்டும் செய்துவிட்டு, எழுதி வைத்த தாளில் முடித்த தேதியைப் போடுங்கள்.