கூடைப்பந்தின் ஜோ லாப்சிக்: சென்டராக ஆடியவர், கோச்சாக அறியப்பட்டவர் – கேள்வி பதில்

கேள்வி: லாப்சிக் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ்மண்டபத்தில் இருப்பது கோச்சாகத்தானே?

பதில்: இல்லை, 1966-ல் ஆட்டக்காரராகச் சேர்த்தார்கள். 1900-ல் நியூயார்க் பக்கம் யாங்கர்ஸில் பிறந்தவர். 1920-களில் ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியின் சென்டர், அதாவது கூடையருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர். இன்றைய பாஸ்டன் செல்டிக்ஸ் வேறு, அது வேறு.

கேள்வி: உயரம் 6 அடி 5 அங்குலம்தான். இப்போ கார்டு, அதாவது பொதுவா உயரம் குறைஞ்சவங்க ஆடுற இடத்துல ஆடுறவங்களே அவ்வளவு இருக்காங்களே சார்?

பதில்: அன்றைய விதியைப் பாருங்கள். கூடை விழுந்தால் பந்து எதிரணிக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் நடுவட்டத்தில் ஜம்ப் பால்: நடுவர் மேலே எறிகிற பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒருவர் குதிப்பார். அதைத் தட்டி ஜெயிக்கிற சென்டர் இருந்தால், கூடை போட்ட அணிக்கே மறுபடியும் பந்து. கல்லூரி ஆட்டத்தில் 1937-ல்தான் அது போனது.

கேள்வி: செல்டிக்ஸின் பிவட் ஆட்டத்தை எங்கள் பள்ளி டீமுக்குப் பழக்க முடியுமா அண்ணா?

பதில்: தாராளமாக. பிவட் ஆட்டம் என்றதும் செல்டிக்ஸ் வீரர் டட்ச் டெனர்ட்டின் பெயர்தான் வரும். ஒருவர் (இவர்தான் பிவட்) ஃப்ரீ த்ரோ கோட்டருகே கூடைக்கு முதுகு காட்டி, காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்கட்டும். பக்கத்திலிருந்து பாஸ் போட்டவர், போட்ட கையோடு அவர் தோளை உரசுகிற மாதிரி கூடைக்கு ஓட வேண்டும். ஓடுபவரின் டிஃபெண்டர் பிவட் மேல் முட்டி நின்றுவிட்டால் பந்தை ஓடுபவர் கையில் வைக்கலாம். பிவட்டுக்குப் பின்னால் நிற்பவர் ஓடுபவரைப் பிடிக்க நகர்ந்தால், பிவட் மறுபக்கம் திரும்பித் தானே போடலாம்.

பெரும்பாலும் கெடுவது ஓட்டத்தில்தான். வளைந்து அகலமாக ஓடினால் அந்த இடைவெளியில் டிஃபெண்டர் நுழைந்துவிடுவார். அவரைத் தடுக்க பிவட் இடுப்பை நீட்டினால் ஃபவுல். இன்னொன்று, கூடைக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள் தாக்கும் அணிக்காரர் 3 வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி: பிவட்டைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், கட்டத்துக்குள் வேண்டாம்.

கேள்வி: கோச்சாக இருந்த நியூயார்க் நிக்ஸ் அணிக்கு ஒரு கோப்பைகூட வாங்கித் தரவில்லையே?

பதில்: உண்மைதான். ஆனால் 1951, 52, 53 என்று தொடர்ந்து மூன்று இறுதிப் போட்டி. 1951-ல் ராச்செஸ்டர் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்து, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவதில் 79-75 என்று தோற்றார்கள். மற்ற இரண்டிலும் எதிரே மினியாபோலிஸ் லேக்கர்ஸ். அவர்களுடைய சென்டர் ஜார்ஜ் மைக்கனுக்கு ஈடுகொடுக்கிற சென்டர் நிக்ஸிடம் இல்லை. இதைக் கோச்சின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. நாட் கிளிஃப்டன் 1950-ல் நிக்ஸுக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வின் முதல் கறுப்பின வீரர்களில் அவர் ஒருவர்.

கேள்வி: சூதாட்ட ஸ்க்ராப்புக் என்கிறார்களே, அது என்ன?

பதில்: 1951-ல் வெடித்த விவகாரம். கல்லூரி வீரர்கள் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் ஆட்டத்தைத் தோற்காமல், வெற்றி வித்தியாசத்தைக் குறைத்தார்கள். ‘ஜெயிக்கத்தானே செய்கிறோம்’ என்று மனசைத் தேற்றிக்கொள்ள அது வசதி. லாப்சிக் அந்தச் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிவைத்து, தன் வீரர்களைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். எந்த அறிவுரையைவிடவும் கெட்டிக்காரத்தனமான வேலை.

கேள்வி: அவர் கோச்சாக இருந்த செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு, என்ஐடி என்கிற கல்லூரிப் போட்டியில் எத்தனை பட்டம்?

பதில்: நான்கு: 1943, 1944, 1959, 1965. கடைசியில் வில்லனோவாவை 55-51 என்று வென்றதே அவருடைய கடைசி ஆட்டமும். 65 வயதில் ஓய்வு என்பது பல்கலைக்கழக விதி. அவர் இடத்துக்கு உதவிக் கோச் லூ கார்னெசெக்கா வந்தார்.