ஆச்சியின் மிதி மெஷின்

அன்புள்ள அண்ணாச்சி,

சின்ன வயதில் டெய்லர் கடையில் காஜா பையனாக இருந்தேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன். ஆச்சி போன பிறகு அவளுடைய மிதி மெஷின் என் வீட்டுக்கு வந்தது. தையல் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாம் நாளே ஜாக்கெட் வெட்டச் சொன்னார்கள், பயந்து நின்றுவிட்டேன். வீட்டில் தைத்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சிக்குகிறது. அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸ் திருகை இறுக்கியும் பார்த்தேன், தளர்த்தியும் பார்த்தேன். மூன்று ஊசி உடைந்தாயிற்று. வயது 34. இனிமேல் கை பழகுமா?

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்தத் திருகை விட்டுவிடுங்கள். அடியில் நூல் கொத்தாக விழுந்தால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல் நூலில் இருக்கும். துணியை அமுக்கும் கால் இருக்கிறதல்லவா, அதைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். கால் தூக்கியிருந்தால்தான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூல் உள்ளே போகும். இறக்கியபடி கோர்த்தால் நூல் தட்டுக்கு வெளியிலேயே நிற்கும், பிடிமானம் இருக்காது, மிச்ச நூலெல்லாம் அடியில் போய்ச் சேரும். தைக்கத் தொடங்கும்போது காலை இறக்க மறந்தாலும் இதே கதிதான். ஊசியில் ஒரு பக்கம் நீளப் பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும்.

அடுத்தது மிதி. கைச் சக்கரம் உங்களை நோக்கித்தான் சுற்ற வேண்டும். புதிதாக மிதிப்பவர்களுக்கு அது பின்னால் ஓடிவிடும், நூல் அறும். அதனால் ஒரு வாரம் நூலே வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டைகள் விழும்படி மிதியுங்கள். மூலை வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி, அமுக்கும் காலைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி மிதியுங்கள். தாளில் ஊசி மழுங்கும், துணிக்கு வரும்போது மாற்றிவிடுங்கள். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர் போதும். மோட்டார் மாட்டலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இப்போது வேண்டாம். உங்கள் காலுக்கு அடங்குகிற மெஷின்தான் உங்களுக்குக் கற்றுத்தரும்.

எங்கள் கடையில் முதல் தீபாவளி முடியும்வரை என்னை மெஷினில் உட்காரவே விடவில்லை. சட்டை சட்டையாகக் காஜாதான். பட்டன் ஓட்டையின் விளிம்பில் ஒவ்வொரு தையலுக்கும் நூலை ஊசியில் சுற்றி இழுக்க வேண்டும். முடிச்சு வரிசையாக விளிம்பிலேயே உட்கார வேண்டும். ஒன்று விலகினாலும் கடைக்கார அண்ணாச்சி பிளேடால் அறுத்துப் போட்டுவிடுவார். அப்போது கோபம் கோபமாக வரும். ஆனால் துணி எங்கே பிரியும், எங்கே இழுபடும் என்பது அந்தக் காஜாவில்தான் விரலுக்குத் தெரிந்தது. உங்களை இரண்டாம் நாளே ஜாக்கெட்டில் இறக்கியது அநியாயம். கைக்குழி வளைவும், உடம்புக்குப் பொருந்தப் பிடிக்கும் டார்ட் மடிப்பும் தேர்ந்த கைக்கே தண்ணி காட்டும்.

நம் இடையன்குடியில் 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அதிலும் பாபின் உண்டு, ஆனால் நூல் சுற்றிய சின்ன மரக்குச்சி. திண்டு, குண்டூசி, குச்சிகள், அவ்வளவுதான். மெஷினே கிடையாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் துணியாகக் காடா வாங்குங்கள். ஆச்சியின் பழைய வாயில் சேலையை எடுக்காதீர்கள், வழுக்கும். கெட்டுப்போனால் மனசும் கேட்காது. காடாவை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். நனைக்காத துணியில் என் தங்கைக்குப் பாவாடை தைத்தேன். ஒரே சலவையில் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறிவிட்டது. அவள் கல்யாணம் வரை அதைச் சொல்லிச் சிரித்தாள். தலையணை உறை நாலு தையுங்கள், அப்புறம் ஒரு துணிப்பை, அப்புறம் நாடா வைத்த உள்பாவாடை. ஜாக்கெட் மூன்று மாதம் காத்திருக்கட்டும். துணிக் கத்தரியை ஒளித்து வையுங்கள். அதில் யாராவது பால் பாக்கெட் வெட்டினால் அன்றோடு அது போச்சு.

ஊசி உடைவது பெரும்பாலும் துணியைக் கையால் இழுப்பதால். அடியில் இருக்கும் பற்களே துணியை நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும். இன்னொன்று, ஊசி உடைந்தால் முனைத் துண்டைத் தேடி எடுக்காமல் அடுத்த ஊசி மாட்டாதீர்கள். எங்கள் கடையில் அதற்கென்றே ஒரு காந்தம் தொங்கும். மூன்று ஊசி போயிருக்கிறது என்கிறீர்கள். பாபின் கேஸைக் கழற்றி உள்ளே ஒரு தடவை பாருங்கள், ஏதாவது ஒரு முனை அங்கேயே கிடக்கும்.