பாத் சூடு ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? கேள்வி பதில்

மணலி, மசகு எண்ணெய் லேப்: அண்ணே, எண்ணெயின் பாகுநிலையை (கெட்டித்தன்மையை) ஒரே சூட்டில் வைத்து அளக்கும் திரவத் தொட்டி, அதாவது பாகுநிலை பாத், 40 டிகிரியில் நிற்கவில்லை. 39.6, 40.5 என்று ஊசலாடுகிறது. சூட்டுக் கன்ட்ரோலரில் பிஐடி எண் என்ன போடலாம்?

பதில்: எண்ணுக்கு முன் கலக்கியைப் பாருங்கள் தம்பி. ஹீட்டர் ஒரு மூலை, சென்சார் மறு மூலை என்றால், சூடு போய்ச் சேர்வதற்குள் கன்ட்ரோலர் அதிகமாகக் கொளுத்திவிடும். பிடி100 என்கிற அந்தச் சூட்டு சென்சாரை ஓட்டத்தின் நடுவில், தொட்டிச் சுவரைத் தொடாமல் நிறுத்துங்கள்.

பிஐடி என்பது ஹீட்டரை எவ்வளவு எரிய விடுவது என்று கன்ட்ரோலர் போடும் கணக்கின் மூன்று எண்கள். பி பேண்ட்: குறித்த சூட்டுக்கு எத்தனை டிகிரி முன்னாலிருந்து ஹீட்டரைக் குறைத்துக்கொண்டே வருவது. ஐ: மிச்சமிருக்கும் பிழையைத் திருத்தும் நேரம். டி: சூடு மாறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே பிரேக் போடும் நேரம். அப்புறம் ஐ, டி இரண்டையும் அணைத்துவிட்டு, பி பேண்டை மட்டும் மெதுவாகக் குறையுங்கள். பேண்ட் எண் சின்னதானால் கன்ட்ரோலரின் பிடி இறுகும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். சூடு ஒரே அளவில் ஏறி இறங்கத் தொடங்கியதும், ஓர் அலைக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 1942-இல் சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் சொன்ன கணக்கு: பேண்டை 0.6-ஆல் வகுக்க வேண்டும்; ஐ அலையில் பாதி, டி எட்டில் ஒன்று. பேண்ட் 3 டிகிரி, அலை 80 விநாடி என்றால் பேண்ட் 5 டிகிரி, ஐ 40 விநாடி, டி 10 விநாடி. பாத்துக்கு இதுவே கொஞ்சம் முரட்டுத்தனம்தான். பேண்டை 8, ஐ-யை 80 ஆக்கிப் பாருங்கள். உங்கள் சோதனைக்கு 0.02 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒரு தசமம் மட்டும் காட்டும் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அதைத் தேடாதீர்கள்.

தண்டையார்பேட்டை: கன்ட்ரோலர் தானே எண்களைக் கண்டுபிடிக்கும் ஆட்டோ டியூன் போதாதா சார்?

பதில்: போதும். தொட்டி நிறைந்து, மூடி போட்டு, கலக்கி ஓடும்போது, வேலை பார்க்கும் சூட்டிலேயே போடுங்கள்.

ராயபுரம், ரத்தப் பரிசோதனை லேப்: மே மாதம் 37 டிகிரி வாட்டர் பாத் 38-ஐத் தாண்டுகிறது. எந்த எண்ணை மாற்ற?

பதில்: எதையும் வேண்டாம் மேடம். அறையே 36 இருந்தால், கலக்கி மோட்டாரின் சூடு ஒன்றே போதும். ஹீட்டரை அணைக்கத்தான் கன்ட்ரோலருக்குத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. ஏசி அறைக்கு மாற்றுங்கள். குளிர்விக்கும் காயிலில் மாடித் தொட்டித் தண்ணீரை விடாதீர்கள், அது வெயிலில் காய்ந்து கிடக்கும்.

வியாசர்பாடி, முலாம் பட்டறை: ஹீட்டரைப் போட்டு அணைக்க எஸ்எஸ்ஆர் (அசையும் பாகமில்லாத மின்னணு ஸ்விட்ச்) தண்டச் செலவு. நான் காந்தத்தால் தட்டும் பழைய ஸ்விட்சான கான்டாக்டரில்தான் ஓட்டுகிறேன்.

பதில்: ஓட்டுங்கள். ஆனால் சைக்கிள் நேரம் (ஒருமுறை எரிந்து அணைய ஆகும் நேரம்) 20 விநாடி என்றாலே எட்டு மணி நேரத்தில் 1440 தடவை தட்டும். 2 விநாடி வைத்தால் சீக்கிரமே அதற்குப் பாடை கட்ட வேண்டியதுதான்.

வியாசர்பாடி: எஸ்எஸ்ஆர் மட்டும் சாகாதா?

பதில்: சாகும், பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். கன்ட்ரோலர் 'ஆஃப்' காட்டும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தனி சென்சாரோடு ஒரு தெர்மோஸ்டாட், அது வெட்டிவிடும் தனி கான்டாக்டர். ஆயில் பாத் வைத்திருப்பவர்களுக்கு இதை நூறு முறை சொல்வேன்.

எண்ணூர்: அந்த கான்டாக்டரும் ஒட்டிக்கொண்டால் அண்ணே?

பதில்: எப்போதாவது தட்டும் கான்டாக்டர் ஒட்டுவது அபூர்வம். மாதம் ஒருமுறை தெர்மோஸ்டாட்டில் குறித்த சூட்டைக் கீழே இறக்கி, வெட்டுகிறதா என்று பாருங்கள். வியாசர்பாடிக்காரரும்தான்.

திருவொற்றியூர்: பிஐடி எண் மட்டும் சொல்லுங்க சார்.

பதில்: மணலி தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாதவரம்: ஆயில் பாத்துக்கு நல்ல பிஐடி எண்?

பதில்: மணலி!

கொளத்தூர்: மீன் தொட்டிக்குப் பிஐடி போடலாமா?

பதில்: வேண்டாம், சாதாரண ஆன்-ஆஃப் ஹீட்டர் போதும். எத்தனை டிகிரி என்பதை மீன் விற்றவரிடம் கேளுங்கள்.