புட்டிக் கூழிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு

தங்கச்சி, பையனுக்கு 9 மாதம் ஆகிறது, கடையில் வாங்கும் புட்டிக் கூழைத் தவிர எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறான், இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, கேட்க வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் மகளை அப்படித் தனியாக இருந்து வளர்த்தவள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூழ் கொடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் இனிமேலும் தள்ளிப்போடாதீர்கள். 9 மாதம் கழிந்த பிறகும் கட்டியான உணவைப் பழக்காமல் விட்டால், பின்னால் சாப்பாட்டில் அடம் கூடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மெல்லுவதும் ஒரு பழக்கம்தான். வாயில் மெல்ல ஏதாவது இருந்தால்தான் அது வரும். பல் முளைக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, மென்மையான உணவை ஈறே நசுக்கிவிடும்.

சுவையையும் பதத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அவனுக்குப் பிடித்தது கேரட் கூழ் என்றால், வேகவைத்த கேரட்டை முள்கரண்டியால் மசித்து ஒரு கரண்டி அதில் கலந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை மசித்ததைக் கூட்டி, கூழைக் குறையுங்கள். மிக்ஸி வேண்டாம். இன்னொன்று, நீர்த்த கூழில் கட்டி மிதக்கக் கூடாது. வழவழப்பை எதிர்பார்த்து விழுங்கும்போது திடீரென்று கட்டி வந்தால் குழந்தை மிரண்டுவிடும். எல்லாம் ஒரே கெட்டியாக இருக்கட்டும்.

கூடவே, கையில் பிடித்துத் தின்ன விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் அளவு.

ஓங்கரிக்கிறான், பயமாக இருக்கிறது என்றீர்களே, என்னையும் புட்டியோடு கட்டிப்போட்டது அந்தப் பயம்தான். என் மகள் ஒரு நாள் உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டு, கண்ணில் நீர் வர ஓங்கரித்தாள். நான் பதறிப்போய் விரலை விட்டுத் தோண்டினேன். அது தப்பு, துண்டு இன்னும் உள்ளே போய்விடும் என்று பிறகுதான் ஒரு செவிலியர் சொல்லித் தெரிந்தது. சத்தம் வருகிறது, இருமுகிறான், முகம் சிவக்கிறது என்றால் பக்கத்தில் அமைதியாக இருங்கள், அவனே வெளியே தள்ளுவான். சத்தமே வராமல், அழவும் இருமவும் முடியாமல் போனால்தான் அடைப்பு, நீலம் பாயும்வரை காத்திருக்காதீர்கள். உடனே தலை தாழ்ந்திருக்கக் குப்புறப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. போகவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவே 5 அழுத்தல். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவி வகுப்பு ஒன்றில் இதைக் கையால் செய்து பழகிவிடுங்கள். இந்த நாட்டு அவசர எண்ணையும் இன்றைக்கே சமையலறையில் எழுதி ஒட்டுங்கள், புதிதாக வந்தவர்களுக்குப் பதற்றத்தில் அது நினைவுக்கு வராது.

முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பச்சைக் கேரட், பாப்கார்ன் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்கலாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் அதற்கப்புறம்தான். உப்புப் போடும் முன்பே அவன் பங்கை எடுத்துவிடுங்கள். பழக் கூழில் இரும்புச்சத்து குறைவு, பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பும் ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கும். அதனால் பருப்பு, நன்றாக வெந்த முட்டை, நீங்கள் சாப்பிடுபவர்கள் என்றால் மென்மையான இறைச்சி, இவற்றில் ஏதாவது தினமும் இருக்கட்டும்.

துப்பினால் வற்புறுத்தாதீர்கள். இரண்டு நாள் விட்டு அதையே மறுபடி வையுங்கள், பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகலாம். என் மகளிடம் கடைசியில் பலித்தது, அவளுடைய நாற்காலியை எங்கள் மேசையோடு ஒட்டிப் போட்டதுதான். அதுவரை அவளுக்கு முதலில் ஊட்டிவிட்டு, அப்புறம் நாங்கள் உட்காருவோம். எதிரே உட்கார்ந்து நான் வாயைப் பெரிதாக அசைத்து மென்று காட்டினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், வெறும் வாயை மெல்லத் தொடங்கினாள். அந்த வாரமே என் தட்டில் கை வைத்தாள்.

எடை ஏறவில்லை, அல்லது கொஞ்சம் கட்டி இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுக்கிறான் என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் நாளை மதியம் நீங்கள் சாப்பிடும்போது அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு துண்டு வெந்த கேரட்டைக் கையில் கொடுங்கள். என்ன செய்தான் என்று எனக்கு எழுதுங்கள்.